பனிக்கு நடுவே ஆயிரம் மீட்டர் செங்குத்துப் பாறை: குயீன் மாட் லேண்ட் மலைகள் பற்றி விவரம் தெரிந்தவர்கள் வாருங்கள்

மலைப்பாதை (இழையைத் தொடங்கியவர்)

அண்டார்க்டிகா என்றதும் தட்டையான வெள்ளைத் தரையும் கரையோரப் பென்குவின்களும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். தென்னாப்பிரிக்காவுக்கு நேர் தெற்கே, குயீன் மாட் லேண்ட் என்ற பகுதியில் இருக்கும் மலைகளின் படங்களைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. கடற்கரையிலிருந்து சுமார் 200 கி.மீ. உள்ளே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை பனி. அந்தப் பனியிலிருந்து எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் உல்வெடன்னா என்ற சிகரம் எழுகிறது. கடல் மட்டத்திலிருந்து 2,930 மீட்டர். அதன் ஒரு பக்கச் சுவர் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் மீட்டருக்கு நேராக விழுகிறது. அதன் அருகிலேயே ஹோல்டன்னா, கின்டன்னா என்று இன்னும் சில. இந்தக் கூட்டத்துக்கு ஃபென்ரிஸ்ஷெஃப்டன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

என் கேள்விகள் இவைதான். சுற்றிலும் பனி இவ்வளவு கனமாக இருக்கும்போது இந்தப் பாறைகள் எப்படித் தேயாமல் இத்தனை கூர்மையாக நிற்கின்றன? சுவரில் ஏன் பனி ஒட்டவில்லை? அங்கே உயிர் ஏதாவது உண்டா? முதலில் யார் பார்த்தார்கள், யார் ஏறினார்கள்? தெரிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதுங்கள். நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

கல்வெட்டி

நான் நிலவியல் சொல்லிக்கொடுப்பவன். முதல் கேள்விக்கு நான் வருகிறேன்.

இந்த மலைகளைப் பனி தேய்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு காலத்தில் நன்றாகவே தேய்த்தது, பிறகு நிறுத்திவிட்டது. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டம் உடையத் தொடங்கியபோது ஆப்பிரிக்காவும் அண்டார்க்டிகாவும் மெல்லப் பிரிந்தன. பிரிந்த இரண்டு விளிம்புகளிலும் நிலம் மேடாக நின்றது. ஆப்பிரிக்கப் பக்கத்தில் அப்படி நிற்பது டிராக்கன்ஸ்பர்க். இந்தப் பக்கத்தில் நிற்பது குயீன் மாட் லேண்ட் மலைவரிசை. பல கோடி ஆண்டுகள் ஆறுகள் அந்த மேட்டை வெட்டின. அப்போது அண்டார்க்டிகாவில் காடு இருந்தது.

ஏறத்தாழ 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரும்பனி தொடங்கியது. ஆரம்பத்தில் இன்று ஆல்ப்ஸில் பார்ப்பது போலத் தனித்தனிப் பனியாறுகள்தான். அவற்றின் அடியில் உருகிய நீர் இருந்தது. அந்த நீர் பாறை வெடிப்புகளில் புகுந்து, உறைந்து, பிளந்து, துண்டு துண்டாகப் பெயர்த்தது. ஒரே மலையை மூன்று நான்கு பக்கத்திலிருந்து பனியாறுகள் குடைந்தால் நடுவில் கொம்பு போன்ற சிகரம்தான் மிஞ்சும். அதோடு இந்தப் பாறைகளில் இயற்கையாகவே செங்குத்தான வெடிப்புத் தளங்கள் உண்டு. பாறை அந்தத் தளத்தில்தான் கழன்று விழும். சுவர் நேராக நிற்பதற்குக் காரணம் அது.

அப்புறம் குளிர் கூடியது. தனிப் பனியாறுகளையெல்லாம் விழுங்கிக்கொண்டு பனிப்படலம் கண்டம் முழுவதும் பரவியது. இன்று அதன் சராசரித் தடிமன் ஏறத்தாழ 2 கி.மீ. ஆனால் உயர்ந்த மலைகளைச் சுற்றி, பனி மெல்லியதாக இருக்கும் இடங்களில், அடிப்பகுதி பாறையோடு சேர்ந்து உறைந்து கிடக்கிறது. உறைந்து ஒட்டிய பனி வழுக்காது. வழுக்காத பனி தேய்க்காது. வெளியே நிற்கும் பாறையையும் அரிக்க நீரோ மழையோ இல்லை, வேர்களும் இல்லை. விண்வெளிக் கதிர்கள் பாறையில் உண்டாக்கும் அரிய அணுக்களை அளந்து, பாறை எவ்வளவு காலம் வெளியே கிடந்தது என்று கணக்கிடும் முறை ஒன்று இருக்கிறது. அந்தக் கணக்குப்படி அண்டார்க்டிகாவின் உட்பகுதிப் பாறைகள் பல இடங்களில் பத்து லட்சம் ஆண்டுக்கு ஒரு மீட்டர்கூடத் தேய்வதில்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு நல்ல பருவமழையில் எவ்வளவு மண் சரிகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக, நீங்கள் படத்தில் பார்ப்பது பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கி முடித்த உருவம். இப்படிப் பனிக்கு மேல் தலைநீட்டும் மலைகளை நுனாடக் என்பார்கள். கிரீன்லாந்து மக்களின் சொல், உலகெங்கும் அதுவே பழகிவிட்டது.

தெற்குக்காற்று

கல்வெட்டி ஐயா சொன்னதோடு காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கோடைக்காலம் அங்கே இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவன் நான். நிலையம் இருப்பது ஷிர்மாக்கர் ஓயாசிஸ் என்ற பாறைத் திட்டில். சுமார் 25 கி.மீ. நீளம், அகலம் அதிகபட்சம் 3 கி.மீ. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு ஏரிகள். தெளிந்த நாளில் தெற்கே பார்த்தால் வோல்டாட் மலைகள் தெரியும். இன்று மாலைக்குள் நடந்து போய்த் தொட்டுவிடலாம் என்று தோன்றும். உண்மையில் எழுபது, நூறு கி.மீ. தள்ளி நிற்கின்றன. காற்றில் தூசியோ ஈரப்பதமோ இல்லாததால் கண்ணுக்குத் தூரம் பிடிபடுவதே இல்லை. புதிதாக வருபவர்களுக்கு முதலில் கொடுக்கும் எச்சரிக்கைகளில் இது ஒன்று.

சுவரில் ஏன் பனி ஒட்டுவதில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். மேட்டுநிலத்தில் பனியைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்துப்போய்ச் சரிவில் கீழே வழியும். சூரியன் தாழ்ந்திருக்கும் நேரத்தில் அது வலுக்கும். விழுகிற பனி சுவரில் தங்குவதற்குள் காற்று பெயர்த்துக்கொண்டு போய்விடும். மிச்சம் இருப்பதை வறண்ட காற்று அப்படியே ஆவியாக்கிவிடும், உருகி நீராகும் கட்டமே வராது. இன்னொரு விஷயம், பாறையில் மோதிய காற்று சுழன்று, பாறையின் காலடியில் இருக்கும் பனியைத் தோண்டிவிடும். சில மலைகளின் அடியில் கோட்டை அகழி மாதிரிப் பெரிய பள்ளம் இருக்கும், பத்துப் பதினைந்து ஆள் ஆழத்துக்கு. தூரத்திலிருந்து தெரியவே தெரியாது. அங்கே பனி வண்டி ஓட்டுபவர்களுக்குப் பனிப்பிளவுக்கு அடுத்த பயம் இதுதான்.

வடமுனை

எல்லாம் சரி. ஆனால் செங்குத்து என்று பார்த்தால் வட துருவப் பக்கம்தான் ராஜா. கனடாவின் பாஃபின் தீவில் தோர் மலை இருக்கிறது. உயரம் வெறும் 1,675 மீட்டர். அதில் 1,250 மீட்டர் ஒரே சரிவு, அதுவும் சராசரியாக 105 டிகிரி. அதாவது நேர்க்குத்துக்கும் மேலே, வெளிப்பக்கம் சாய்ந்த சுவர். மேலிருந்து ஒரு கல்லை விட்டால் வழியில் எங்கும் படாமல் விழும். பக்கத்திலேயே ஆஸ்கார்டு, தட்டையான தலை கொண்ட இரட்டைத் தூண், 2,015 மீட்டர். 1953இல் ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் ஏறினார்கள். 1976இல் ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக ரிக் சில்வெஸ்டர் பனிச்சறுக்கில் வந்து பாய்ந்து பாராசூட்டை விரித்தது இந்த மலையிலிருந்துதான்.

மலைப்பாதை

வடமுனை, தோர் மலைச் சுவர் பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே அக்‌ஷயுக் கணவாய் வழியாக மனிதர்கள் காலங்காலமாக நடக்கிறார்கள். கணவாய்க்கு இந்தப் பக்கம் பாங்னிர்டுங் ஊர், அந்தப் பக்கம் கிகிக்டார்ஜுவாக் ஊர். இனுயிட் மக்களுக்கு அது வேட்டை நிலம், பயண வழி. குயீன் மாட் லேண்டில் அப்படி யாருமே இருந்ததில்லை. கீழிருந்து நிமிர்ந்து பார்க்க ஒரு மனிதர்கூட இல்லாமல் கோடி ஆண்டுகள் நின்ற மலைகள். என்னை இழுப்பது அதுதான். இழையை அங்கேயே வைத்துக்கொள்வோம், பாஃபினுக்குத் தனி இழை தொடங்குங்கள், கட்டாயம் வருகிறேன்.

ஏடும்வரைபடமும்

முதலில் யார் பார்த்தார்கள் என்று கேட்டீர்கள். விமானத்திலிருந்து பார்த்தார்கள், அதுவும் போட்டி போட்டுக்கொண்டு. திமிங்கில எண்ணெய்தான் காரணம். 1930களில் ஜெர்மனிக்கு மார்கரினும் சோப்பும் தயாரிக்கத் திமிங்கில எண்ணெய் வேண்டியிருந்தது. அதைப் பெரும்பாலும் நார்வேயிடம் வாங்கினார்கள். சொந்தமாக ஒரு பிடிமானம் தேட ஆல்ஃப்ரெட் ரிட்ஷர் தலைமையில் ‘ஷ்வாபென்லாண்ட்’ என்ற கப்பலை 1938 டிசம்பரில் அனுப்பினார்கள். கப்பலில் ‘போரியாஸ்’, ‘பாசாட்’ என்று இரண்டு டோர்னியர் கடல் விமானங்கள். கப்பலிலிருந்து கவண் போன்ற பொறியால் வீசி ஏவப்படும் வகை.

விஷயம் தெரிந்த நார்வே, கப்பல் போய்ச் சேர்வதற்குள் 1939 ஜனவரி 14 அன்று அந்தப் பகுதிக்கு உரிமை கோரி அறிவித்துவிட்டது. ஜெர்மானியர்கள் சில வாரங்கள் பறந்து ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்தார்கள். அடையாளத்துக்கு அலுமினிய அம்புகளைப் போட்டுவிட்டு வந்தார்கள். ஆனால் தரையில் ஒரு அளவுப்புள்ளிகூடக் குறிக்கவில்லை. அதனால் வரைபடத்தில் மலைகள் இடம் மாறி விழுந்தன. பிறகு போர் வந்தது, படங்களில் பெரும்பகுதி அழிந்தே போயிற்று. மிச்சம் அவர்கள் வைத்த பெயர்கள்: வோல்டாட், மூலிக் ஹாஃப்மன், ட்ரிகால்ஸ்கி. மைத்ரி இருக்கும் ஷிர்மாக்கர் ஓயாசிஸுக்கும் அந்த விமானிகளில் ஒருவர் பெயர்தான்.

சரியான அளவை போருக்குப் பிறகுதான் வந்தது. 1949 முதல் 1952 வரை நார்வே, பிரிட்டன், ஸ்வீடன் மூன்று நாடும் சேர்ந்து மாட்ஹெய்ம் என்ற இடத்தில் தங்கி ஆய்வு செய்தன. அண்டார்க்டிகாவில் பல நாடுகள் சேர்ந்து நடத்திய முதல் அறிவியல் பயணம் அது. பத்து வருடங்களுக்கு முன் யாருக்குச் சொந்தம் என்று விமானத்தில் பறந்த இடத்தில், மூன்று நாட்டவர் ஒரே குடிசையில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். கண்டத்தை அமைதிக்கும் அறிவியலுக்கும் என்று ஒதுக்கிய அண்டார்க்டிக் ஒப்பந்தம் 1959 டிசம்பர் 1 அன்று கையெழுத்தாவதற்கு முன்னோட்டம் அங்கே நடந்துவிட்டது என்பது என் எண்ணம்.

வன்னிமரம்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். கோண்ட்வானா என்று வந்தபடியால் ஒன்று சொல்ல வேணும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த கண்டப் பொருத்தப் படங்களில் இலங்கை ஒட்டியிருப்பது இந்தியாவின் பக்கம் மட்டுமில்லை, அண்டார்க்டிகாவின் பக்கமும்தான். குயீன் மாட் லேண்டின் கிழக்குக் கோடியில் லூட்சோ ஹோல்ம் குடா என்று ஒன்று இருக்கிறது, ஜப்பானியரின் ஷோவா நிலையம் அங்கேதான். அந்தக் கரைப் பாறைகளும் எங்கள் மலைநாட்டுப் பாறைகளும் ஒரே காலத்தில், ஒரே அழுத்தத்தில் வெந்தவை என்று எங்கள் பேராசிரியர் சொல்லுவார். அப்போ பரங்கிமலையும் அந்த மலைகளும் ஒரே பாறைதானா? இரண்டிலும் சார்னோகைட் என்றே எழுதியிருக்கிறார்களே.

கல்வெட்டி

வன்னிமரம், லூட்சோ ஹோல்ம் பற்றி உங்கள் பேராசிரியர் சொன்னது சரி. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கிழக்கு, மேற்கு கோண்ட்வானாத் துண்டுகள் மோதி ஒன்றானபோது, மொசாம்பிக், மடகாஸ்கர், தென்னிந்தியாவின் தெற்குப் பகுதி, இலங்கை, குயீன் மாட் லேண்ட் எல்லாம் ஒரே மலைத்தொடரின் வேர்ப்பகுதியாக இருந்தன. இமயமலை அளவுக்குப் பெரிய தொடர் அது. மதுரைப் பக்கத்துப் பாறைகளிலும் அந்தச் சூட்டின் தடம் இருக்கிறது.

பரங்கிமலை விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். சார்னோகைட் என்பது பாறையின் வகை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் கல்கத்தாவில் 1693இல் இறந்தார். அவருடைய கல்லறைக்குப் பரங்கிமலைக் கல் போயிற்று. 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லை ஆராய்ந்தபோது சார்னாக்கின் பெயரையே பாறைக்கும் வைத்தார். பரங்கிமலைக் கல்லுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. மூலிக் ஹாஃப்மன் மலைகளில் பெருமளவு இருக்கும் சார்னோகைட், மோதல் முடிந்து மலைத்தொடர் தளர்ந்தபோது கீழிருந்து உருகி ஏறிய குழம்பு, வயது சுமார் 50 கோடி ஆண்டு. இரண்டுக்கும் நடுவே 200 கோடி ஆண்டு இடைவெளி. மிக ஆழத்தில், மிகுந்த சூட்டில், நீர் இல்லாத நிலையில் உருவாகும் பாறை என்பதுதான் இரண்டுக்கும் பொது. நீலகிரியும் சார்னோகைட்தான். உதகைப் பக்கம் சாலைக்காக வெட்டிய இடத்தில், காற்றுப்படாத உள்பாறை எண்ணெய் பூசியது போலப் பச்சைகலந்த கருநிறத்தில் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். மூலிக் ஹாஃப்மன் மலைகளில் புதிதாக உடைந்த பாறையும் அந்தக் குடும்பத்து நிறம்தான். வெயிலிலும் காற்றிலும் கிடந்த மேற்பரப்பு மட்டும் பழுப்பேறியிருக்கும்.

கயிறும்கொக்கியும்

ஏறியவர்கள் பற்றி நான் எழுதுகிறேன், நான் பாறையேறுபவன். அந்தச் சுவர்கள் பற்றி எது வந்தாலும் தேடிப் படிப்பேன்.

உல்வெடன்னாவில் முதலில் ஏறியவர்கள் ஐவர் டொலெஃப்சன், ராபர்ட் காஸ்பர்சன், ஷூர் நெஷெய்ம் என்ற மூன்று நார்வேக்காரர்கள், 1994இல். எவரெஸ்ட்டில் மனிதன் கால் வைத்து நாற்பது ஆண்டு கழித்து! அவர்கள் கொண்டுவந்த படங்களைப் பார்த்துத்தான் உலகம் விழித்தது. 1996-97 கோடையில் அலெக்ஸ் லோ, கான்ராட் ஆங்கர் இருந்த அமெரிக்கக் குழு ராக்கெக்னிவன் என்ற கத்தி போன்ற பாறையின் முகப்பில் ஏறியது. 2008இல் ஹூபர் சகோதரர்களும் ஸ்டீபன் சீக்ரிஸ்டும் ஹோல்டன்னாவிலும் உல்வெடன்னாவிலும் புதுப் பாதைகள் திறந்தார்கள். 2013இல் லியோ ஹோல்டிங் குழு உல்வெடன்னாவின் வடகிழக்கு முகட்டை முழுவதும் ஏறி முடித்தது.

அங்கே ஏறுவதில் கஷ்டம் வெறும் உயரம் இல்லை. 72 டிகிரி தென் அட்சத்தில் டிசம்பரில் சூரியன் மறையாது, நம் தலையைச் சுற்றி வட்டம் போடும். நண்பகலில் வடக்கே 41 டிகிரி உயரத்தில் இருக்கும், நள்ளிரவில் தெற்கே வெறும் 5 டிகிரியில். எனவே ஒவ்வொரு சுவருக்கும் வெயில் படும் நேரம் வேறு. வெயில் படும்போது கையுறையைக் கழற்றிப் பாறையைப் பிடிக்க முடியும். வெயில் நகர்ந்ததும் மைனஸ் 20, 25 டிகிரி, விரல் மரத்துவிடும். அதனால் கடிகாரத்தைப் பார்த்து அவர்கள் ஏறுவதில்லை, வெயில் எந்தச் சுவரில் இருக்கிறது என்று பார்த்துத்தான் ஏறுகிறார்கள். பாறையின் மேற்பரப்பும் பல இடங்களில் பொலபொலவென்று உதிரும். பெரிய பெரிய படிகங்கள் கையோடு வரும், அடித்த ஆணி நிற்குமா என்று தெரியாது. தண்ணீர் ஒரு சொட்டு வேண்டுமானாலும் பனியை அடுப்பில் உருக்க வேண்டும். இதோடு துருவப் பகுதியில் காற்றழுத்தமே குறைவு என்பதால் 2,900 மீட்டர், மூச்சுக்கு இன்னும் அதிக உயரம் போலத் தெரியும். ஆபத்து வந்தால் பக்கத்து ஊரிலிருந்து உதவி வர ஊரே கிடையாது. வாழ்நாளில் ஒரு தடவையாவது அந்தச் சுவரின் காலடியில் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

வெண்சிறகு

உயிர் ஏதாவது உண்டா என்ற கேள்வி மட்டும் இன்னும் அப்படியே கிடக்கிறது. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி.

மூலிக் ஹாஃப்மன் மலைகளில் ஸ்வார்ட்ஹாமரன் என்று ஒரு பாறைச் சரிவு இருக்கிறது. கடலிலிருந்து சுமார் 200 கி.மீ. உள்ளே. சுற்றிலும் தின்பதற்கு ஒரு புல்லோ பூச்சியோ இல்லை. அங்கேதான் அண்டார்க்டிக் பெட்ரல் என்ற கடற்பறவையின் மிகப் பெரிய கூடமைப்பிடம். 1985 முதல் 2020 வரை எடுத்த கணக்குகளில் ஆண்டுக்கு 20,000 முதல் 2,00,000 கூடுகள் வரை இருந்தன. கூடவே பனிப் பெட்ரல் கூடுகள் சுமார் 2,000, ஸ்குவா என்ற வேட்டைப் பறவையின் கூடுகள் நூற்றுக்கு மேல். பெட்ரல் ஒரே ஒரு முட்டையிடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். ஒன்று உட்கார்ந்திருக்க இன்னொன்று 200 கி.மீ. பனியைக் கடந்து கடலுக்குப் போய், அங்கிருந்தும் நூற்றுக்கணக்கான கி.மீ. அலைந்து, கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரையும் மீனையும் தின்றுவிட்டுத் திரும்பும். ஸ்குவா கடலுக்கே போகாது, பெட்ரலின் முட்டையையும் குஞ்சையும் வைத்தே கோடையை ஓட்டிவிடும். பறவை எச்சத்தை நம்பிப் பாசி, பாசியை நம்பிக் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள். பறவை சுமந்து வரும் கடல் உணவில்தான் அந்தச் சரிவு முழுவதும் பிழைக்கிறது.

ஏன் இவ்வளவு உள்ளே வருகின்றன? கரையில் பாறை இல்லையே! பெரும்பாலும் மிதக்கும் பனித்தட்டுதான். முட்டை வைக்கப் பனியில்லாத தரை வேண்டும், வெயிலில் சற்றே சூடாகும் கல் வேண்டும். அண்டார்க்டிகா முழுவதிலும் பனியில்லாத நிலம் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. நாம் யாருமற்ற பாறை என்று சொல்லும் இடத்துக்குப் பறவைகளிடையே அவ்வளவு போட்டி இருக்கிறது.

பனிப் பெட்ரல் இன்னும் ஒரு படி மேல். பாறை இடுக்கில் கூடு கட்டும், எதிரி வந்தால் வயிற்றிலிருக்கும் எண்ணெயைத் துப்பும். அந்த எண்ணெய் கூட்டின் வாசலில் மெழுகு போல அடுக்கடுக்காகப் படிந்து உறைந்துவிடும். குளிரில் அது கெடுவதில்லை. உண்டர்சே ஏரிப் பக்கம் எடுத்த படிவுகளின் வயது 30,000 ஆண்டுக்கும் மேல். பனியுகத்தின் உச்சத்துக்கு முன்பிருந்தே அந்தப் பாறை பனிக்கு வெளியே நின்றது, பறவையும் வந்துபோனது என்பதற்கு அதுவே சாட்சி. அந்த அடுக்குகளைப் பகுத்தால் எந்தக் காலத்தில் மீன் அதிகம் தின்றன, எந்தக் காலத்தில் கிரில் என்பது தெரியும். கடல்பனி எவ்வளவு தூரம் விரிந்திருந்தது என்பதையும் அதிலிருந்து ஊகிக்கலாம்.

இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது. 2021 டிசம்பர், 2022 ஜனவரி மாதங்களில் அங்கே வழக்கத்துக்கு மாறாகப் பனிப்புயல்கள் அடித்தன. தரையைப் பனி மூடிவிட்டது. நார்வே துருவ ஆய்வு நிறுவனத்தினர் போய்ப் பார்த்தபோது ஸ்வார்ட்ஹாமரனில் அடைகாத்த அண்டார்க்டிக் பெட்ரல்கள் வெறும் மூன்று. பனிப் பெட்ரல் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. ஸ்குவா கூடு ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் யூடுல்செசன் என்ற இடத்திலும் அதே கதை. ஒரு கோடை முழுவதும், ஒரு பெரும் பகுதியில், குஞ்சே இல்லை. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கயிறும்கொக்கியும் அண்ணா, உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பாறைகளை அவற்றின் போக்கில் விட்டுவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கயிறும்கொக்கியும்

தங்கச்சி, அந்தக் கணக்கு எனக்கும் வலிக்கிறது. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கூடுகள் அழிந்தது பாறையேறிகளால் இல்லை, புயலால். ஸ்வார்ட்ஹாமரன் பாதுகாக்கப்பட்ட பகுதி, அனுமதியில்லாமல் யாரும் நுழைய முடியாது. உல்வெடன்னாச் சுவருக்கு எந்த வருடம் எத்தனை பேர் போகிறார்கள்? சில வருடம் ஒருவர்கூட இல்லை. போகிறவர்கள் அண்டார்க்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்க 1991இல் கையெழுத்தான மாட்ரிட் நெறிமுறைப்படி முன்கூட்டியே சுற்றுச்சூழல் மதிப்பீடு கொடுத்து, தங்கள் நாட்டு அனுமதி வாங்கி, குப்பையைத் திரும்பச் சுமந்து வர வேண்டும். அந்த மலைகளின் படங்கள் இல்லாவிட்டால் நாம் இந்த இழையில் பேசிக்கொண்டே இருக்க மாட்டோம். பார்க்காத இடத்துக்காக யார் குரல் கொடுப்பார்கள்?

வெண்சிறகு

ஆள் எண்ணிக்கை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் பயப்படுவது போகும் வழியை நினைத்து. கேப் டவுனிலிருந்து நோவோ ஓடுதளத்துக்கு நாலாயிரம் கி.மீ.க்கு மேல் சரக்கு விமானம், அங்கிருந்து சிறு விமானம். இப்போது அதே வழியில் வசதி படைத்த சுற்றுலாப் பயணிகளும் போகிறார்கள். ஏறுபவர்களின் படங்கள்தான் அவர்களை இழுக்கின்றன. ஸ்வார்ட்ஹாமரனுக்குக் காவல் உண்டு, சரி. பனிப் பெட்ரல் கூடு கட்டுவது எந்தெந்த இடுக்கில் என்று எல்லா மலைக்கும் கணக்கு இருக்கிறதா? நீங்கள் விரல் நுழைக்கும் வெடிப்பும் அது கூடு வைக்கும் வெடிப்பும் ஒரே அளவுதான்.

தெற்குக்காற்று

நடுவில் வருகிறேன், இருவரும் பொறுத்துக்கொள்ளுங்கள். விமான எரிபொருளைக் கணக்கெடுத்தால் ஆராய்ச்சி நிலையங்களான நாங்கள்தான் முதலில் நிற்க வேண்டும். நிலையத்தை நடத்த டீசல், வண்டிக்கு டீசல், கப்பல், விமானம். பறவையைக் கணக்கெடுத்தவர்களும் அப்படித்தான் போனார்கள், போகாவிட்டால் அந்த மூன்று கூடுகளின் செய்தியே நமக்கு வந்திருக்காது. எனவே யார் போகிறார்கள் என்பதைவிடப் போய் என்ன செய்கிறார்கள், எங்கே கால் வைக்கிறார்கள் என்பதைப் பார்க்கலாம். ஷிர்மாக்கரில் கற்பாசி படர்ந்த கல்லை மிதிக்காதே என்று முதல் நாளே சொல்வார்கள். அந்தப் பாசி ஒரு உள்ளங்கை அளவு வளர மனித ஆயுள் போதாது. அதே கட்டுப்பாடு சுவரேறுபவர்களுக்கும் வேண்டும். கூடுகட்டும் மாதங்களில் பறவை இருக்கும் இடுக்குள்ள பாதையில் ஏறக் கூடாது என்று எழுதி வைத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

கயிறும்கொக்கியும்

அப்படி ஒரு விதி வந்தால் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன். நம் ஊரிலேயே கழுகு கூடு வைத்திருக்கும் பாறையில் அந்தப் பருவத்தில் ஏற மாட்டோம். ஆனால் அங்கே பறவைகள் கூடு வைக்கும் மாதங்களும் மனிதன் ஏற முடிகிற மாதங்களும் ஒன்றுதான், நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஆகவே பருவத்தை வைத்து அல்ல, பாதையை வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கும். அதற்கு யாராவது இடுக்கு இடுக்காகக் கணக்கெடுக்க வேண்டும். அதைச் சுவரில் தொங்கத் தெரிந்தவர்கள் செய்யலாமே? நாங்கள் போகிற வழியில் கண்ட கூடுகளைக் குறித்துக் கொடுத்தால் ஆய்வாளர்களுக்கு உதவாதா?

வெண்சிறகு

உதவும் அண்ணா. தூரத்திலிருந்து படமெடுத்துக் குறித்தாலே உதவும், கூட்டுக்கு அருகே போக வேண்டாம். இதை யாராவது முறையாகச் செய்தால் என் மறுப்பில் பாதி போய்விடும். மீதிப் பாதி விமானங்களுக்காகவும் சுற்றுலாவுக்காகவும் இருக்கட்டும்.

புதுமுளை

எல்லாப் பதிவுகளையும் ஒரே மூச்சில் படித்தேன். நான் நிலவியல் முதுகலை முதல் ஆண்டு. உண்டர்சே ஏரி பற்றி வெண்சிறகு அக்கா ஒரு வரி எழுதியிருந்தார்கள், அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா? அப்புறம், எங்களைப் போன்றவர்கள் அந்த மலைகளுக்குப் போக வழி உண்டா?

தெற்குக்காற்று

தம்பி, உண்டர்சே ஏரி க்ரூபர் மலைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. பரப்பு சுமார் 11 சதுர கி.மீ., ஆழம் 169 மீட்டர். ஆண்டு முழுவதும் பனி மூடியிருக்கும், நீர் கடும் காரத்தன்மை கொண்டது. பனிக்கடியில் ஏரித்தரையில் நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காகக் கூம்பு வடிவில் வளர்ந்திருக்கின்றன. பூமியின் மிகப் பழைய புதைபடிவங்களில் தெரியும் உருவமும் அதுதான், இங்கே உயிரோடு இருக்கிறது. 2011இல் அதைப் பற்றி விரிவாக வெளியிட்டார்கள்.

போகும் வழி உண்டு. இந்தியப் பயணங்களைக் கோவாவில் இருக்கும் தேசியத் துருவ மற்றும் கடல் ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. தனியாளாக விண்ணப்பிப்பதைவிட, அங்கே ஆய்வுத்திட்டம் வைத்திருக்கும் நிறுவனத்திலோ பல்கலைக்கழகத்திலோ சேர்வதுதான் நடைமுறை. இந்திய நிலவியல் அளவைத் துறை 1980களிலிருந்தே வோல்டாட், ஓர்வின் மலைகளில் பாறை வரைபடம் எடுத்துவருகிறது. முதுகலை முடித்து அந்தத் துறைத் தேர்வை எழுதுவது உனக்கு நேரான வழி. தேர்வாகிவிட்டால் டெல்லி எய்ம்ஸில் மருத்துவப் பரிசோதனை, பிறகு உத்தராகண்டின் அவுலியில் பனிப் பயிற்சி, இந்தோ திபெத் எல்லைக் காவல் படையினர் நடத்துவார்கள். பல்லில் சொத்தை இருந்தால் இப்போதே பார்த்துவிடு. நோவோலாசரெவ்ஸ்காயா நிலையத்தில் 1961இல் ரஷ்ய மருத்துவர் லியோனிட் ரோகோசவ் தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுக்க வேண்டி வந்தது, ஏனென்றால் அங்கே இருந்த ஒரே மருத்துவர் அவர்தான். எங்கள் நிலையத்திலிருந்து சில கி.மீ. தூரம்தான் அந்த இடம். இப்போது வசதி கூடியிருக்கிறது, ஆனாலும் உடம்பு விஷயத்தில் யாரும் சலுகை தர மாட்டார்கள்.

விண்ணப்பம், பயிற்சி பற்றி வேறு சந்தேகம் இருந்தால் இங்கேயே கேள். மற்றவர்களுக்கும் பயன்படும்.